மயிலாடிக்கு வேதத்தைக் கொண்டுவந்தது யார்?

குமரி மாவட்டத்தில் மதமாற்றம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு கதைகள் சொல்லப்படுகின்றன.

முதல் கதை டீக்கடையிலும் தேர்தல் மேடையிலும் கேட்பது. வெள்ளைக்காரன் வந்தான், காசும் கோதுமையும் கொடுத்தான், ஒன்றும் தெரியாத சேரிச் சனம் மதம் மாறிவிட்டது என்பது அது. இரண்டாவது கதை திருச்சபையின் நூற்றாண்டு விழா மலர்களில் வருவது. ஐரோப்பாவிலிருந்து மிஷனரி வந்தார், இருளில் கிடந்த மக்களுக்கு ஒளி கொடுத்தார் என்பது அது. ஒன்று வசை, மற்றொன்று புகழ்ச்சி. ஆனால் இரண்டிலும் தலித் மக்கள் கையேந்தி நிற்கிறார்கள். கொடுப்பவர் வேறு யாரோ. தானாகத் தேடியவர், தானாக முடிவெடுத்தவர், தான் பெற்றதை அடுத்தவருக்குச் சொன்னவர் என்று ஒரு தலித்தை இந்த இரண்டு கதைகளுமே நினைத்துப் பார்ப்பதில்லை.

உண்மையில் நடந்தது வேறு. தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவத்தின் முதல் ஊரான மயிலாடிக்கு அந்த மதத்தை எந்த வெள்ளைக்காரரும் கொண்டுவரவில்லை. கொண்டுவந்தவர் அந்த ஊர்ச் சாம்பவர் ஒருவர். அவர் பெயர் மகராசன். பின்னாளில் வேதமாணிக்கம்.

சிதம்பரம் போனவர்

பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் மன்னரின் ஆட்சியில் இருந்தது. சாம்பவரும் புலையரும் நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்ட காலம் அது. சில பத்தாண்டுகள் கழித்து 1836-ல் திருவிதாங்கூர் அரசு எடுத்த கணக்கெடுப்பில் மொத்த மக்கள் சுமார் 12,80,000 பேர். அதில் அடிமைகள் என்று எழுதப்பட்டவர்கள் ஏறக்குறைய 1,65,000 பேர். எட்டுப் பேரில் ஒருவர் அடிமை. யார் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும், எந்த வழியில் நடக்கக் கூடாது, பெண்கள் எதை உடுத்தக் கூடாது என்பதற்கெல்லாம் சாதிவாரியாக விதி இருந்தது.

அப்படிப்பட்ட நாட்டில் மயிலாடியில் வாழ்ந்த மகராசன் சிவபக்தர். சபை வரலாறுகள் சொல்வதன்படி, அவர் தன் உறவுக்காரப் பையன் ஒருவரைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்துக்குப் புனிதப் பயணம் போனார். மயிலாடியிலிருந்து சிதம்பரம் நானூறு கிலோமீட்டருக்கும் மேல்.

நந்தனை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. பெரியபுராணம் சொல்லும் திருநாளைப்போவாரும் சிதம்பரம் போக ஏங்கியவர்தான். தீயில் இறங்கி எழுந்த பிறகுதான் அவருக்குக் கோயிலுக்குள் இடம் கிடைத்தது. கோயில்களின் கதவு சட்டப்படி நமக்குத் திறந்தது திருவிதாங்கூரில் 1936-ல், சென்னை மாகாணத்தில் 1947-ல். மகராசன் போனது அதற்கு ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால். சிதம்பரம் கோபுரத்தை ஒரு சாம்பவர் எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்திருக்க முடியும் என்பதை நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும்.

தேடிப் போனது அங்கே கிடைக்கவில்லை. திரும்பும் முன் தஞ்சாவூர்ப் பக்கம் இருந்த சொந்தக்காரர்களைப் பார்க்கப் போனார். அங்கேதான் கிறிஸ்தவ ஆராதனையைக் கண்டார், கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஜான் காஸ்பர் கோலாஃப், தரங்கம்பாடியிலேயே பிறந்து வளர்ந்து தமிழில் பேசிப் பழகியவர். தஞ்சாவூர் மிஷனை நடத்திய ஸ்வார்ட்ஸ் 1798-ல் இறந்தபின் அந்த வேலையைத் தொடர்ந்தவர் அவர். மகராசன் அங்கே தங்கிக் கேள்வி கேட்டுப் படித்து ஞானஸ்நானம் பெற்றார். வேதமாணிக்கம் என்ற பெயரோடும் கையில் தமிழ்ப் புத்தகங்களோடும் 1799-ல் ஊர் திரும்பினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லியாக வேண்டும். அன்றைய தஞ்சாவூர்ச் சபையும் சாதிக்கு வெளியே இருக்கவில்லை. வேளாளக் கிறிஸ்தவர்களும் பறையர் கிறிஸ்தவர்களும் கோயிலுக்குள் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். 1833-ல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினார்கள். ஆக, மகராசன் கண்டது சமத்துவ சொர்க்கம் அல்ல. ஆனாலும் ஒரு வித்தியாசம் இருந்தது. இங்கே கூரைக்கு உள்ளே ஓர் இடம், கையில் ஒரு புத்தகம், கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு ஊர் போய் என்ன செய்வது என்பதை அவரே முடிவு செய்தார்.

அந்த ஏழு ஆண்டுகள்

1799-லிருந்து 1806 வரை மயிலாடியில் எந்த மிஷனரியும் இல்லை. மிஷன் பணமும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை, ஆஸ்பத்திரியும் இல்லை. கோதுமை மூட்டை நிச்சயமாக இல்லை. இருந்தது வேதமாணிக்கமும் அவர் வீடும் அவர் சொந்தபந்தங்களும்தான்.

இந்த ஏழு ஆண்டுகளில்தான் மயிலாடியில் கிறிஸ்தவர்கள் உருவானார்கள். முதலில் குடும்பம், பிறகு பங்காளிகள், பிறகு சம்பந்தி வீடுகள். சபை வரலாறுகள் இருநூறு பேர் அளவில் சொல்கின்றன.

எப்படிப் பரவியிருக்கும்? தீண்டாமை ஆண்ட நாட்டில் ஒரு சாம்பவர் தெருமுனையில் நின்று பிரசங்கம் செய்ய முடியாது. பெரிய தெருவுக்குள் கால் வைக்கவே முடியாது. அவருக்குத் திறந்திருந்த வழி ஒன்றுதான்: அக்கா வீடு, மாமன் வீடு, பெண் கொடுத்த ஊர், பெண் எடுத்த ஊர். கல்யாண வீட்டில் உட்கார்ந்து பேசலாம், இழவு வீட்டில் ராத்திரி முழுக்கப் பேசலாம், வரப்பில் கஞ்சி குடிக்கும்போது பேசலாம். வாசிக்கத் தெரிந்த ஒருவர் வாசித்தால் பத்துப் பேர் கேட்கலாம். தமிழ் ஊர்களில் இழவுச் செய்தி சொல்லிப் போகும் வேலையை நம் மக்கள் தலையில் கட்டியிருந்தார்கள். அடுத்தவர் வீட்டுச் செய்தியைச் சுமந்து நடந்தே பழகிய சமூகத்திலிருந்து ஒருவர் முதல்முறையாகத் தன் சொந்தச் செய்தியைச் சுமந்து நடந்தார்.

இதற்கு விலை கொடுக்க வேண்டியிருந்தது. நிலக்காரர்களிடமிருந்தும் அதிகாரிகளிடமிருந்தும் நெருக்கடி வந்தது. ஊரையே விட்டுத் தஞ்சாவூர்ப் பக்கம் குடிபோய்விடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு அது போனது. வேதமாணிக்கம் மறுபடியும் தஞ்சாவூர் போய், எங்கள் ஊருக்கு ஒரு போதகரை அனுப்புங்கள் என்று கேட்டார்.

லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழி வழியாகத் திருவிதாங்கூருக்குள் நுழைந்து மயிலாடிக்கு வந்தது இந்த அழைப்பின் தொடர்ச்சியாகத்தான். அதாவது மிஷனரி வந்து சபையை உண்டாக்கவில்லை. சபை இருந்து மிஷனரியைக் கூப்பிட்டது. வரலாற்றின் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் இருநூறு ஆண்டுகளாகக் கதை சொல்லி வருகிறார்கள்.

ரிங்கல்தௌபேயின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. பிரஷ்யாவிலிருந்து வந்த அந்த மனிதர் எளிமையாக வாழ்ந்தார், ஊர் ஊராக அலைந்தார். ரெசிடென்ட் மெக்காலேயின் உதவியால் மயிலாடியில் கோயில் கட்ட அனுமதி கிடைத்தது. வேலுத்தம்பி தளவாயின் கலகம் ஓய்ந்தபின் 1809-ல் கோயில் எழுந்தது. 1816-ல் உடல்நலம் கெட்டு அவர் புறப்பட்டபோது சபைகளின் பொறுப்பை யாரிடம் கொடுத்தார்? வேதமாணிக்கத்திடம். 1818 தொடக்கத்தில் சார்லஸ் மீட் நாகர்கோவிலுக்கு வந்து சேரும்வரை இரண்டு ஆண்டுகள் தென் திருவிதாங்கூர்ச் சபைகளை நடத்தியவர் ஒரு சாம்பவர். அவர் 1827-ல் இறந்தார்.

பெயர் எப்படிப் பின்னுக்குப் போனது

மீட் வந்தபிறகு நிலைமை மாறியது. ரெசிடென்ட் மன்றோ கிறிஸ்தவர்களுக்கு ஆதரவாக இருந்தார். நாகர்கோவில் மிஷனின் தலைமையிடமானது. 1819-ல் அங்கே செமினரி தொடங்கியது, பின்னாளில் அது ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. நாடார் மக்கள் ஆயிரக்கணக்கில் சபைக்கு வந்தார்கள். அவர்களும் அன்று ஒடுக்கப்பட்டவர்கள்தான். பனையேறி வரி கட்டியவர்கள், ஊழியம் செய்தவர்கள். தோளில் சீலை போட்டதற்காக அவர்கள் வீட்டுப் பெண்கள் அடிபட்டார்கள், 1859-ல் அரசாணை வரும்வரை போராடினார்கள். அந்தப் போராட்டம் நம் எல்லோருக்கும் சொந்தம்.

ஆனால் எண்ணிக்கை மாறியபோது வரலாறும் மாறியது. சபையின் கதையை மீட் வந்ததிலிருந்து சொல்வது எளிதாகிவிட்டது. மயிலாடி ஒரு முன்னுரையாகச் சுருங்கியது. வேதமாணிக்கம் "முதல் மதமாறியவர்" ஆனார். "முதல் நற்செய்தியாளர்" ஆகவில்லை. இரண்டு சொல்லுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முதலாவது சொல்லில் அவருக்கு ஏதோ நடக்கிறது. இரண்டாவதில் அவர் ஏதோ செய்கிறார்.

மிஷன் பங்களாவுக்குள்ளும் சாதி எட்டிப் பார்த்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த மீட் 1850-களின் தொடக்கத்தில், பறையர் சமூகத்திலிருந்து வந்த கிறிஸ்தவர் ஒருவரின் மகளை மணந்தார். சக மிஷனரிகளால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவர் லண்டன் மிஷனை விட்டே வெளியேற வேண்டியதாயிற்று. நம் வீட்டுக்கு வந்து பிரசங்கம் செய்யலாம், நம் வீட்டில் பெண் எடுக்கக் கூடாது!

அடிமைக் குடிசைகளில்

வேதமாணிக்கத்தின் வழி அவரோடு முடியவில்லை. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பெண்களுக்குப் பள்ளி தொடங்கி லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அங்கே வந்தவர்களில் அடிமைகளாகப் பிறந்த பெண்களும் இருந்தார்கள். லேஸ் பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அப்படி ஒரு பெண் தன் அம்மாவிடம் போய்த் தன் புது வாழ்க்கையைப் பற்றிச் சொன்னால் அதற்குப் பெயர் ஆசை காட்டுதலா? பார்த்த அம்மாவுக்குக் கண் இல்லையா?

வடக்கே மத்திய திருவிதாங்கூரிலும் இதே கதைதான். மல்லப்பள்ளிக்கு அருகே புலையர் அடிமைகள் பகல் முழுக்க வயலில் உழைத்துவிட்டு இரவில் ஓலைக் கொட்டகையில் கூடி எழுத்தும் ஜெபமும் படித்தார்கள். அவர்களில் தெய்வத்தான் என்பவர் 1854-ல் ஆபேல் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். திருவிதாங்கூரில் அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை வந்தது 1855-ல். சட்டம் மனிதர் என்று ஒப்புக்கொள்ளும் முன்பே அவர் தனக்கு ஒரு பெயரை எடுத்துக்கொண்டுவிட்டார்.

பெற்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கவும் நம் மக்களுக்குத் தெரியும். பறையர் குலத்தில் அடிமைகளின் வாரிசாகப் பிறந்த பொய்கையில் யோகன்னான் சிரியன் கிறிஸ்தவர்களின் சபைக்குள் பிரசங்கியாக இருந்தவர். அங்கேயும் சாதி உயிரோடு இருப்பதைக் கண்டு வெளியேறினார். பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபை என்ற தனி இயக்கத்தையே உண்டாக்கினார். உள்ளே போனதும் அவர் முடிவு, வெளியே வந்ததும் அவர் முடிவு.

யாருக்கு மனம் உண்டு என்ற கேள்வி

இதே மாவட்டத்தின் இன்னொரு வரலாற்றை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை திருவிதாங்கூர் அரசு அதிகாரி. 1741 குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டு, பிறகு அதே அரசின் படைத்தளபதியான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பர். குடும்பத்தில் கஷ்டம் வந்து மனம் சோர்ந்திருந்தபோது, எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதையை டிலனாய் சொன்னார். அந்தப் பேச்சில் தொடங்கி 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். ஒடுக்கப்பட்ட சாதியினரோடு சேர்ந்து உண்டார், பழகினார். 1752-ல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். அந்த அறிவிப்பில் "பிள்ளை" என்ற சாதிப் பெயர் கூடாது என்ற கோரிக்கை எழுந்து, அது நீக்கவும்பட்டது. நல்லது.

இரண்டும் ஒரே மாதிரி நிகழ்வு. ஒருவர் பேசினார், மற்றவர் கேட்டார், யோசித்தார், ஏற்றார், பிறரோடு பகிர்ந்தார். தேவசகாயத்தைப் பற்றி "கோதுமைக்கு மாறினார்" என்று சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. அவருடையது ஆன்மிகத் தேடல். வேதமாணிக்கமும் அவர் பேரப்பிள்ளைகளும் மாறினால் மட்டும் அது ஏமாந்தது, விலைபோனது. நாயர் அதிகாரிக்கு மனம் உண்டு, சாம்பவ விவசாயிக்கு வயிறு மட்டும் உண்டு. இதுதான் அந்த வசைக்குள் இருக்கும் சாதி.

இந்த வசை சட்டமாகவும் ஆனது. தமிழ்நாட்டில் 2002-ல் கொண்டுவரப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தில் தண்டனை மூன்று ஆண்டு, அபராதம் ஐம்பதாயிரம். மாற்றப்பட்டவர் சிறுவராகவோ பெண்ணாகவோ தலித்தாகவோ பழங்குடியாகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். படிப்பு, பதவி எதுவாக இருந்தாலும் ஒரு தலித் அந்தச் சட்டத்தின் கண்ணில் குழந்தைக்குச் சமம். 2004 தேர்தல் தோல்விக்குப் பிறகு அன்றைய அரசே அதைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்தப் பார்வை போகவில்லை. இன்று வேறு பல மாநிலங்களில் அதே மாதிரிச் சட்டங்கள் உயிரோடு இருக்கின்றன.

அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. 1977-ல் உச்ச நீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று தீர்ப்பளித்தது. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். மகராசனை யாரும் மாற்றவில்லையே. அவர் நடந்து போனார், கேட்டார், மாறினார். மாறிக்கொள்ளும் உரிமையைப் பற்றி இந்த விவாதத்தில் யார் பேசுகிறார்கள்?

மாறியவருக்குத் தண்டனை மட்டும் தயாராக இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவரின் ஆணை, பட்டியல் சாதி என்றால் இந்துதான் என்றது. 1956-ல் சீக்கியருக்கும் 1990-ல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவ தலித்துக்கும் இஸ்லாமிய தலித்துக்கும் இன்றுவரை மூடியே இருக்கிறது. செருப்புத் தைக்கும் தொழிலாளியான சூசை என்பவர், அரசு இலவசமாகத் தந்த பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவர் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். 1985-ல் தோற்றார். அவர் தொழில் மாறவில்லை, அவர் மேல் காட்டப்பட்ட தீண்டாமை மாறவில்லை, சான்றிதழ் மட்டும் மாறிவிட்டது. 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் 46.85 விழுக்காடு. பட்டியல் சாதியினர் சுமார் 4 விழுக்காடுதான். தமிழ்நாடு முழுவதும் 20 விழுக்காடு. கிறிஸ்தவச் சாம்பவர் யாரும் அந்த 4-க்குள் இல்லை. நம் மக்களில் எத்தனை பேர் ஞாயிறு ஒரு பெயரும் திங்கள் ஒரு பெயருமாக வாழ வேண்டியிருக்கிறது என்பதை மயிலாடிப் பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியது

கிறிஸ்தவத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பௌத்தம் ஏற்ற அண்ணலின் வழி நம் முன்னால் இருக்கிறது. குமரியிலேயே அய்யாவழியும் இருக்கிறது. எந்த மதமும் வேண்டாம் என்பவரும் நம் தோழர்தான். சொல்ல வருவது ஒன்றுதான்: நம் முன்னோர் யோசித்து முடிவெடுத்தவர்கள். அந்த முடிவை மிஷனரியின் கணக்கிலோ கோதுமையின் கணக்கிலோ எழுத யாருக்கும் உரிமை இல்லை.

சபைகளுக்கு ஒரு கேள்வி. வேதமாணிக்கத்தின் பெயரை ஆண்டுக்கொரு முறை சொல்வதோடு கடமை முடிந்துவிட்டதா? அவர் நடத்திய சபைகளில் இன்று அவர் சமூகத்துப் போதகர்கள் எத்தனை பேர், கமிட்டியில் எத்தனை பேர், மிஷன் பள்ளி கல்லூரி வேலைகளில் எத்தனை பேர்? கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை அவர்களுக்கு? பதில் சொல்லிவிட்டு விழா எடுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால், வீட்டில் இருக்கும் பாட்டியிடம் போய் உட்காருங்கள். நம் குடும்பத்தில் முதலில் வேதம் கேட்டது யார், அவருக்கு யார் சொன்னார், எங்கே வைத்துச் சொன்னார், அதற்காக யார் அடித்தார், யார் வேலை கொடுக்க மறுத்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளைக்காரர் பெயர் வராது. ஒரு சித்தியின் பெயர் வரும், ஒரு உபதேசியார் பெயர் வரும், கூட நாற்று நட்ட ஒரு பெண்ணின் பெயர் வரும். அந்தப் பெயர்களைத் தேதியோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். பாட்டி போய்விட்டால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளில்லை.